பந்து இன்னும் இங்கதான் இருக்குதுங்க

'டங்ங்...!'

சத்தம் கேட்ட பிறகுதான் ஆஷாவுக்குத் தான் செய்த காரியம் புரிந்தது. எதிரே பரந்து கிடந்த புல்வெளிக்குப் போக வேண்டிய பந்து, வலது பக்கமாகச் சீறிப் பறந்து, பழைய கோழிக் கொட்டகையின் கிழிந்த கம்பி வலைக்குள் புகுந்து, எதன் மீதோ மோதியிருந்தது. எதன் மீது... இல்லை, யார் மீது?

"யாருங்க அது!"

கொட்டகைக்குள்ளிருந்து ஒருவன் எழுந்தான். நல்ல உயரம். வெள்ளைச் சட்டை... அதாவது, பாதி வெள்ளை. மீதியெல்லாம் டீ. கையில் ஓர் எவர்சில்வர் டம்ளர், அதன் வயிற்றில் புத்தம்புதிதாக ஒரு நெளிவு.

ஆஷா நாக்கைக் கடித்துக்கொண்டாள். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று மனது சொன்னது. வாய்தான் எப்போதும் போல வேறு பக்கம் போயிற்று.

"ஆள் இருக்காங்கன்னு ஒரு போர்டாவது வைக்கக் கூடாதுங்களா?"

அவன் டம்ளரைப் பார்த்தான். சட்டையைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். அந்தக் கண்களில் கோபம் வரும் என்று எதிர்பார்த்து முறைப்பாக நின்றவளுக்கு ஏமாற்றம். அங்கே சிரிப்புதான் முட்டிக்கொண்டு நின்றது.

"ஏனுங்க அம்மிணி... ஆளு இருக்கறதுக்கெல்லாமுங்களா போர்டு வெப்பாங்க? பந்த அக்கட்டால அடிக்கோணும்னுதான் போர்டு வெச்சிருக்கறன். அதப் படிச்சீங்களா?"

அதைப் படிக்கவில்லை. வாசல் போர்டை மட்டும் படித்தாள். பல்லடம் ரோட்டில் தனியார் பஸ் அவளை இறக்கிவிட்டுப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு பறந்தபோதே அந்த போர்டைப் பார்த்தாள். 'கோல்ஃப் பயிற்சி மைதானம்' என்று புது பெயிண்டில் எழுதியிருந்தது. அதற்கடியில் பழைய 'கோழிப்பண்ணை' இன்னும் அழியாமல் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம், ஆடி மாதக் காற்று ஆளைத் தள்ளிக்கொண்டிருந்தது. சாரல் வேறு. உள்ளே யாரையும் காணோம். ஒரு கூடை நிறைய வெள்ளைப் பந்துகள் மட்டும் இருந்தன. ஒரே ஒரு பந்து... அடித்துவிட்டுப் போய்விடலாம் என்றுதான் வந்தாள். அதற்குள் இப்படி!

"மன்னிச்சுக்குங்க" என்றாள் கடைசியில், சின்னக் குரலில். "ஒரு பந்து அடிக்கணும்னு வந்தேன். அடிச்சாச்சு. கிளம்பறேன்."

"அட, நில்லுங்க! என்ற டீயக் கொட்டிப்போட்டு ஒரே பந்தோட போறதா? மறுக்கா அடிங்க. நான் உங்களுக்குப் பொறகால நின்னுக்கறன். அதுதான் பத்திரமான எடம்னு தோணுது."

சிரிக்கக் கூடாது என்று உதட்டை இறுக்கினாள். உதடு கேட்கவில்லை.

அவன் பெயர் சண்முகவேல். கோழிகளை விற்றுவிட்டு, அப்பா விட்டுப்போன எட்டு ஏக்கரில் புல் வளர்த்து, திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருப்பவர்கள் பந்தடித்துப் பழக இடம் பண்ணிக் கொடுத்திருக்கிறான். சொந்தக்காரர்கள் எல்லாரும், 'கோழியாச்சும் முட்டை போட்டுது' என்று சிரிக்கிறார்களாம். இதையெல்லாம் அவனே சொன்னான். கேட்காமலே!

சொல்லிக்கொண்டே வந்தவனின் பார்வை அவள் கையிலிருந்த ஸ்டிக்கில் நின்றது. இரும்புத் தலையில் ஏழு என்று எண் பொறித்த பழைய ஸ்டிக். பிடியில் ரப்பர் வெடித்துப்போய், அதன் மேல் பனியன் கழுத்துக்குத் தைக்கும் ரிப் துணியைச் சுற்றிச் சுற்றி யாரோ வெகு நேர்த்தியாக இறுக்கியிருந்தார்கள்.

"இது யாரு சுத்துனதுங்க? வேணும்னா புதுப்பிடி போட்டுத் தர்றனுங்க."

"வேண்டாம்!" அவள் சொன்ன வேகத்தில் அவன் ஓரடி பின்னால் போனான். "இது... எங்கப்பா சுத்துனது."

அவன் ஒரு பந்தை எடுத்து அவள் காலடியில் வைத்துவிட்டு, சொன்னபடியே பின்னால் போய் நின்றுகொண்டான்.

ஆஷா ஓங்கினாள். வீசினாள். எங்கே போகிறது... நூறு கஜத்தில் நட்டிருந்த சிவப்புக் கொடியைத் தாண்டுமா... தலையைத் தூக்கிப் பார்த்தாள். வானத்தில் ஒன்றுமில்லை.

"எங்க போச்சு?"

"அடிக்கறதுக்கு முன்னாடியே பந்தத் தேடறீங்க" என்றான் சண்முகவேல் மெதுவாக. "பந்து இன்னும் இங்கதான் இருக்குதுங்க."

குனிந்து பார்த்தாள். காலடியில், புல் நுனிகூட அசையாமல், அந்த வெள்ளைப் பந்து அப்படியே இருந்தது. சாதாரணமாகச் சொன்ன வார்த்தைதான். அவன் சிரித்துக்கொண்டுதான் சொன்னான். ஆனால் ஆஷாவுக்கு நெஞ்சுக்குள் என்னமோ சுருக்கென்றது. கண்கள் நிறைந்துவிட்டன. சாரல் என்று நினைத்துக்கொள்ளட்டும் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அவனா நம்புவான்? பெண்களின் அழுகையைப் பார்த்துப் பழக்கமில்லாதவன் போலப் பதறிப்போனான்.

"அய்யய்யோ... நான் ஒண்ணும் தப்பாச் சொல்லலீங்க... டீ போனா போச்சாதுங்க..."

*

அப்பா சீனிச்சாமி உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து மஞ்சப்பையோடு திருப்பூருக்கு வந்தவர். கந்தப்பன் கம்பெனியில் இருபத்திரண்டு வருடம் கட்டிங் மாஸ்டர். அதே கம்பெனியில்தான் ஆஷாவும் மெர்ச்சண்டைசர். துணி வாங்கும் வெளிநாட்டு பையருக்குப் பதில் எழுதுவதும், சொன்ன தேதியில் சரக்கைக் கப்பலேற்றுவதும் அவள் பொறுப்பு.

திருப்பூர்க்காரர்களுக்கு நாள்காட்டி என்று தனியாக எதற்கு? ஷிப்மென்ட் தேதிதான் நாள்காட்டி. பல் வலியா... ஷிப்மென்ட் முடியட்டும். குலசாமி கும்பிடணுமா... ஷிப்மென்ட் முடியட்டும். பெண் பார்க்க வருகிறார்களா... இந்த ஷிப்மென்ட் முடியட்டும்! சீனிச்சாமியும் அப்படித்தான்.

எக்ஸ்போர்ட்டர்கள் எல்லாரும் சேர்ந்து வருடத்துக்கொரு ஞாயிறு, கோயமுத்தூர் ரோட்டுப் பக்கம் ஒரு மைதானத்தில் கோல்ஃப் நாள் நடத்துவார்கள். முதலாளிகள் ஆடுவார்கள். அவரவர் கம்பெனி ஆட்கள் பை தூக்கிக்கொண்டு பின்னால் நடப்பார்கள். அது அங்கே வழக்கம். கந்தப்பனின் பையைப் பதினோரு வருடம் தூக்கியவர் சீனிச்சாமி. முதல் வருடம் ஒரு வெள்ளைக்கார பையர், நாளெல்லாம் முகம் சுளிக்காமல் கூட வந்தவருக்குத் தன் பையிலிருந்து ஒரு ஸ்டிக்கை உருவிக் கொடுத்துவிட்டுப் போனார். அதுதான் இந்த ஏழாம் நம்பர்.

வீட்டில் அது பரண் மேலிருந்து பாத்திரம் தள்ளி எடுக்க உதவியது. பூனை விரட்டியது. அப்பா மட்டும் அடிக்கடி அதைத் துடைத்துவிட்டு, கண்ணாடி முன்னால் நின்று சும்மா வீசிப் பார்ப்பார்.

"கட்டிங் மெஷின் புடிக்கயில எனக்கும் இடது கையில உறை, பந்தடிக்கயில மொதலாளிக்கும் இடது கையில உறை. என்னத்த பெரிய வித்தியாசம் பாப்பா? ஷிப்மென்ட் முடியட்டும். ஒரு நாளைக்குப் போயி, ஒரே ஒரு பந்து அடிச்சுப் பாத்துப்புடுறேன்."

அந்த ஒரு பந்தை அவர் அடிக்கவேயில்லை.

இதையெல்லாம் அவள் சண்முகவேலிடம் உடனே சொல்லிவிடவில்லை. நாலு ஞாயிறு ஆயிற்று. நாலு ஞாயிறும், ஒரே ஒரு பந்து என்று வந்தவள் கூடை கூடையாக அடித்தாள். கொடி வரைக்கும் போகிற அளவுக்குக் கையில் வலு வந்துவிட்டது. ஆனால் பத்துக்கு எட்டுப் பந்து கோணல்தான். எல்லாம், அடிக்கும் முன்பே தூக்கிக்கொள்கிற அந்தத் தலை செய்கிற வேலை!

"தலை...!" என்பான் அவன் பின்னாலிருந்து.

"தூக்கலைங்க!"

"தூக்குனீங்க. கொட்டாயிக்குள்ளார போன பந்து பொய் சொல்லாதுங்க."

"உங்க கொட்டகையை யாரு அங்க கட்டச் சொன்னது?"

"கோழிக்கு வேற எங்கீங்க கட்டறது?"

ஒவ்வொரு வாரமும் அவன் அதே நெளிந்த டம்ளரில்தான் டீ குடித்தான். வேறு டம்ளரே இல்லையா என்று கேட்டாள். "இருக்குதுங்க. இதுல குடிச்சாத்தான் ருசிக்குது" என்றான், அவளைப் பார்க்காமலே. காது நுனி வரை சிவந்திருந்ததை அவள் பார்த்தாள். பார்க்காத மாதிரி இருந்துகொண்டாள். ஆனால் அன்று பஸ்ஸில் போகும்போது, ஜன்னலோரத்தில் தானாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்திலிருந்த அம்மாள் ஒரு மாதிரியாகப் பார்த்த பிறகுதான் நிறுத்தினாள்.

ஐந்தாவது ஞாயிறு, நல்ல மழை. கொட்டகைக்குள் ஒதுங்கி நின்றார்கள். தகரக் கூரையில் மழை அடித்துக்கொண்டிருந்தது. அப்போதுதான் சொன்னாள்.

"அப்பாவுக்கு மூணு மாசம்தான்னு டாக்டர் சொல்லிட்டாருங்க. அந்த மூணு மாசமும் நான் ஓடுனேன். கோயமுத்தூர், மதுரை, அடுத்த ஸ்கேன், அடுத்த ரிப்போர்ட்டு... அப்பா பக்கத்துல உக்காந்திருப்பேன். கண்ணு மட்டும் போன்ல இருக்கும். நாளைக்கு எந்த டாக்டர், அடுத்த வாரம் எந்த ஊருன்னு..."

அவன் ஒரு காலிக் கூடையைக் கவிழ்த்து அவள் உட்கார இடம் பண்ணினான். அதுவே அவளுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

"ஒரு நா சாயங்காலம் போனைக் கம்பெனியிலயே மறந்துட்டேன். வேற வழியில்லாம அப்பாகூட சும்மா உக்காந்தேன். சாத்துக்குடி உரிச்சுக் குடுத்தேன். அவரு கோல்ஃப் கதை சொன்னாரு. 'அம்புட்டுப் பெரிய மொதலாளிமாரு... அவுக பேச்சக் கேக்காதது அந்தப் பந்து ஒண்ணுதான் பாப்பா'ன்னு சொல்லிச் சொல்லிச் சிரிச்சாரு. நானும் சிரிச்சேன். ஒரு மணி நேரம்... மறுநாள் காலையில கம்பெனியில சரக்குக்கு ஃபைனல் இன்ஸ்பெக்ஷன். பத்து மணிக்கு வந்துர்றேன்பான்னு சொன்னேன். 'போயிட்டு வா பாப்பா, ஷிப்மென்ட் முடியட்டும்'னாரு. ஒன்பதே காலுக்கு போன் வந்துருச்சு."

புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு தொடர்ந்தாள்.

"மூணு மாசத்துல நான் எங்கப்பாகூட இருந்தது அந்த ஒரு மணி நேரம் மட்டும்தாங்க. மிச்ச நேரமெல்லாம் அவரு இங்க இருந்தாரு... நான் வேற எங்கயோ தேடிக்கிட்டிருந்தேன். அன்னிக்கு நீங்க பந்து இங்கதான் இருக்குன்னு சொன்னப்ப..."

சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்திவிட்டாள். அட! தன் வாயிலிருந்து வந்ததைத் தானே அப்போதுதான் கேட்டாள். தலை ஏன் தூக்குகிறது என்று ஐந்து வாரமாகத் தெரியாமல் விழித்தாளே... இதுதான். காலடியில் இருக்கிற பந்தோடு இருக்காமல், அது போய் விழப்போகிற இடத்துக்கு முன்னாலேயே ஓடிவிடுகிறாள். அப்பாவிடம் செய்த அதே தப்பு!

மழை விடுவதற்குள் வெளியே ஓடினாள்.

"நனையறீங்க!" என்று கத்திக்கொண்டே பின்னால் வந்தான் அவன்.

பந்தை வைத்தாள். ரிப் துணி நனைந்து கையோடு ஒட்டிக்கொண்டது. கொடியைப் பார்க்கவில்லை. வெள்ளைப் பந்தை மட்டும் பார்த்தாள். உரித்த சாத்துக்குடி வாசனையும் அப்பாவின் சிரிப்பும் நினைவுக்கு வந்தன. 'இரு... இது போகிற வரைக்கும் இதுகூட இரு.'

'டிக்!'

இதுவரை கேட்காத சத்தம். எலும்பு வரை இனித்தது. பந்து இருந்த இடத்தில் வெறும் புல்லைத்தான் பார்த்தாள். நிமிர்ந்தபோது, மழைக்குள் மேலே ஏறிய வெள்ளைப் புள்ளி, நேராக... நேராக... கொடிக்குப் பக்கத்தில் இறங்கியது.

"ஆத்தீ!" என்று கத்திவிட்டான் சண்முகவேல்.

அவளும் கத்தினாள். அழுதாள். சிரித்தாள். நனைந்த இமைகளோடு அவள் அவனைப் பார்த்தபோது, அவன் சொல்ல வந்ததை மறந்து நின்றான். அந்தக் கண்களில் அப்படி என்ன இருந்தது என்று பிற்பாடு எவ்வளவு யோசித்தும் அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை.

*

கோல்ஃப் நாள் புரட்டாசியில். அதில் கடைசியாக ஒரு போட்டி உண்டு. ஒத்தையடிப் போட்டி என்று பெயர். கம்பெனிக்கு ஒரு ஆள், ஆளுக்கு ஒரு பந்து, ஒரே அடி. நூறு கஜத்தில் இருக்கிற குழிக்கு யார் பந்து பக்கத்தில் விழுகிறதோ அவருக்குக் கோப்பை.

ஒரு ஸ்டிக் போதும். ஒரு பந்து போதும். அப்பா அடிக்காத அந்த ஒரு பந்து... அதை அப்பா பை தூக்கி நடந்த அதே மண்ணில் அடிக்க வேண்டும். ஆஷாவுக்கு அதற்கப்புறம் தூக்கத்திலும் அதே நினைப்புத்தான். சண்முகவேலிடமும் அதே பேச்சுத்தான்.

நேராக முதலாளி அறைக்குப் போய்க் கேட்டாள். கந்தப்பன் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார்.

"நீயா அம்மிணி? அங்க அத்தனை பேரும் மொதலாளிங்க கண்ணு... சரி, பாக்கலாம் போ."

பார்க்கலாம் என்றால் இல்லை என்று அர்த்தம். பன்னிரண்டு நாள் கழித்துப் பட்டியல் வந்தது. கம்பெனி பெயருக்கு எதிரே, ஆஷா சீனிச்சாமி! அப்பா பெயரோடு! செக்கிங் டேபிளில் நின்றிருந்தவள் அங்கேயே குதித்தாள். ஓடிப்போய் முதலாளிக்கு நன்றி சொன்னாள்.

"எனக்கெதுக்குக் கண்ணு? என்ற மாப்பளைக்குச் சொல்லு. வருசா வருசம் அவந்தான் நம்ம கம்பெனிக்கு அடிப்பான். இந்த வாட்டி என்ற பேர எடுத்துப்போட்டு அந்தப் புள்ள பேரப் போடுங்கன்னு ஒரே புடியா நிக்கறான். என்ற தங்கச்சி மகன்... அதான், பல்லடத்துல பந்து கிரவுண்டு வெச்சிருக்கறானே, சண்முகவேலு."

முதலாளி வீட்டுப் பையனா? ஆறேழு வாரமாகக் கோழிப்பண்ணைக் கதை பேசியவன் ஒரு வார்த்தை சொன்னானா?

அன்று ஞாயிறுகூட இல்லை. அரை நாள் லீவு போட்டுவிட்டுப் பஸ் ஏறினாள்.

"கந்தப்பன் சாரு உங்க மாமாவாமே?"

அவன் புல்வெட்டும் மெஷினை நிறுத்தினான். "ஆமாங்க."

"சொல்லவே இல்ல?"

"சொன்னா நீங்க அடுத்த வாரம் வந்திருப்பீங்களா?"

வந்திருக்க மாட்டாள்தான். அந்த உண்மையே அவள் கோபத்தை இன்னும் கிளப்பிவிட்டது.

"உங்க எடத்தை எனக்குத் தானம் பண்ணுனீங்களாக்கும்? அப்பா செத்த கதையைக் கேட்டுப் பரிதாபமா இருந்துச்சா? எங்கப்பா பதினோரு வருசம் பை தூக்குனாரு. ஒரு பந்து அடிக்கட்டுமான்னு ஒரு நா யாருகிட்டயும் போய் நின்னதில்ல. நான் சிபாரிசுல போய் நிக்கணுமா?"

"பரிதாபமில்லீங்க..." அவன் குரல் கம்மிற்று. "அந்தக் குழிக்கு என்னையவிட நீங்க நல்லா அடிப்பீங்க. அதத்தான் மாமாகிட்டச் சொன்னன். வேற ஒண்ணும்... இருக்குதுங்க. அத, போட்டி முடியட்டும்னு வெச்சிருக்கறன்."

"முடியட்டும், முடியட்டும்... இந்த ஊர்ல எல்லாருக்கும் அதே பேச்சு!"

திரும்பிப் பார்க்காமல் நடந்துவிட்டாள். பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. சிரிப்புத்தான் வரவில்லை.

வீட்டில் அம்மா ஒச்சாயி கதை முழுவதையும் கேட்டுவிட்டு, வெங்காயம் உரிப்பதை நிறுத்தாமலே சொன்னாள். "கிறுக்கச்சி! பஸ்ஸுல ஒருத்தன் எந்திரிச்சு எடம் விட்டா, உக்காந்து ஊர் போயிச் சேருவியா... இல்ல, ஏன் எந்திரிச்சன்னு அவன் சட்டையப் புடிப்பியா? ஒங்கப்பன் வீம்பு அப்படியே இருக்கு."

ஆனாலும் அதன் பிறகு இரண்டு ஞாயிறும் ஆஷா பல்லடம் போகவில்லை. மொட்டை மாடியில் பந்தில்லாமல் வீசிப் பழகினாள். கோபம் மூன்றாம் நாளே வடிந்துவிட்டிருந்தது. பின்னாலிருந்து 'தலை...!' என்று சொல்ல ஆளில்லாததுதான் தாங்க முடியவில்லை.

*

போட்டியன்று காலையிலிருந்தே தூறல். மைதானத்தில் வண்ணக் குடைகள். எல்லா முதலாளிகளுக்கும் பின்னால் பெரிய பெரிய பைகளோடு அவரவர் ஆட்கள். ஆஷா ஒற்றை ஸ்டிக்கைப் பனியன் துணிப் பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு தனியாக நின்றாள்.

ஒருவர் பின் ஒருவராக அடித்தார்கள். ஈரத்தில் ரப்பர் பிடி வழுக்கியது. ஒரு பந்து மணலில் புதைந்தது. ஒன்று தண்ணீரில் விழுந்தது. ஒருவர் பந்து மட்டும் அழகாகப் போய் விழ, நடுவர் கழுத்தில் தொங்கிய இன்ச் டேப்பை எடுத்து அளந்தார். திருப்பூரில் எதை அளப்பதென்றாலும் அந்த டேப்தானே! ஐம்பத்திரண்டு இன்ச். கைத்தட்டல் அடங்க வெகு நேரமாயிற்று.

"கடைசியா... ஆஷா சீனிச்சாமி!" என்றது மைக். "உங்க பை தூக்கற ஆள் எங்கம்மா?"

நாலைந்து பேர் சிரித்தார்கள். ஆஷாவுக்கு முகம் எரிந்தது. எனக்கு ஆள் வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தாள்.

"நானுங்க."

கூட்டத்தை விலக்கிக்கொண்டு சண்முகவேல் வந்தான். நேராக அவளிடம் வந்து, தோளிலிருந்த துணிப்பையைக் கேட்காமலே வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டான். குடைகளுக்கடியில் சலசலப்பு எழுந்தது.

"டேய் மாப்ள!" கந்தப்பன் எழுந்தேவிட்டார். "என்னடா பண்ற? அத்தனை பேர் பாக்கறாங்க!"

"பை தூக்கறனுங்க மாமா. நம்மூட்டுப் பைய இவங்கப்பா பதினோரு வருசம் தூக்குனாரில்லீங்க? ஒரு நாளைக்கு நான் தூக்குனா என்னுங்க?"

கந்தப்பன் மேலும் என்னவோ சொல்ல வந்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் தங்கை, சண்முகவேலின் அம்மா பொன்னாத்தாள், அவர் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். "சும்மா இருங்கண்ணா. அந்தப் புள்ளையோட அப்பன் வெட்டுன துணியிலதான் உங்க கம்பெனியே நின்னுது."

ஆஷா முன்னால் நடந்தவனின் முதுகையே பார்த்துக்கொண்டு போனாள். அந்தத் தோளில் அப்பாவின் ஸ்டிக். இந்த மண்ணில் அப்பா நடந்த அதே வழி. இதற்கா கோபித்தோம்? பரிதாபப்படுகிறவன் மறைவாக உதவி செய்துவிட்டுப் போவான். இப்படி ஊரைக் கூட்டி வைத்துக்கொண்டு பின்னால் வந்து நிற்பவனுக்குப் பெயர் வேறு. அந்தப் பெயரை நினைத்ததும் நடையை எட்டிப் போட்டு அவனோடு சேர்ந்துகொண்டாள்.

அவன் ஸ்டிக்கை நீட்டினான். விரல்கள் பட்டன. இரண்டு பேரும் கையை உடனே எடுக்கவில்லை.

"கோவம் போயிருச்சுங்களா?"

"மூணாம் நாளே போயிருச்சு" என்றாள்.

"அடக் கடவுளே... ரெண்டு ஞாயித்துக்கெழம வீணாப் போச்சே!"

சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்போடேயே பந்தைப் பார்த்தாள். குழி, கொடி, ஐம்பத்திரண்டு இன்ச், குடைகள்... எல்லாம் விலகிப் போயின. ரிப் துணி ஈரத்தைக் குடித்துக்கொண்டு கையை இறுகப் பற்றியது. அப்பா சுற்றிய துணி... அப்பாவே கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

'ஷிப்மென்ட் முடிஞ்சிருச்சுப்பா. அடிப்போமா?'

'டிக்!'

தலை தூக்கவில்லை. பந்து இருந்த இடத்தில் நாலு புல் நுனியும் ஒரு துளி மழையும்தான் இருந்தன. அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். மைதானத்தில் சத்தமே இல்லை. பிறகு யாரோ 'ஏய்!' என்றார்கள். பிறகு எல்லாருமே கத்தினார்கள்.

"தலையைத் தூக்கட்டுங்களா?" என்று குனிந்தபடியே கேட்டாள்.

"தூக்குங்க அம்மிணி..." அவன் குரல் உடைந்திருந்தது. "இப்பத் தூக்கலாமுங்க."

நிமிர்ந்தாள். எல்லாரும் குழியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் அவன் கண்களைப் பார்த்தாள். அங்கே நிறைந்து வழிந்துகொண்டிருந்ததைப் பார்த்தே பந்து எங்கே விழுந்ததென்று தெரிந்துவிட்டது.

நடுவர் ஓடினார். டேப்பை விரித்தார். "ஒன்பது இன்ச்!" என்று இரண்டு கையையும் தூக்கிக் கத்தினார். பை தூக்கி வந்த ஆட்கள் அத்தனை பேரும் பைகளைத் தரையில் போட்டுவிட்டு விசிலடித்தார்கள். அப்பாவோடு பல வருடம் பை தூக்கிய ராஜபாண்டி துண்டால் கண்ணைத் துடைத்தார். கந்தப்பன் எழுந்து நின்று கை தட்டினார், இந்த முறை யாரும் அவரைப் பிடித்து உட்கார வைக்கவில்லை.

"கோப்பையை வாங்க ஆஷா சீனிச்சாமி மேடைக்கு வரவும்!"

"போங்க, கூப்படறாங்க" என்றான் சண்முகவேல், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "மொதல்ல அது முடியட்டும். அப்பறமா நான் ஒண்ணு சொல்லோணும்னு..."

"முடியாது."

"என்னுங்க?"

"எதுவும் முடியட்டும்னு இனிமே நான் காத்திருக்கறதா இல்லைங்க. கோப்பை அங்கதான் இருக்கும். ஓடிப் போகாது." தூறலில் நனைந்த முகத்தை அவனுக்கு நேராக நிமிர்த்தினாள். வெட்கம் கன்னத்தைப் பிடுங்கித் தின்றது. ஆனாலும் பார்வையைத் தாழ்த்தவில்லை. "எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. ரொம்ப. கோழிக் கொட்டகை, நெளிஞ்ச டம்ளர்... எல்லாத்தோடயும் சேர்த்து. எப்பவும் என் பின்னாடி நின்னு 'தலை'ன்னு சொல்லிக்கிட்டே இருப்பீங்களா?"

அவன் வாயைத் திறந்தான். மூடினான். ஊருக்கெல்லாம் கேட்காமலே கதை சொல்கிறவனுக்கு ஒரு வார்த்தை வரவில்லை!

"ஆஷா சீனிச்சாமி!" என்றது மைக் இரண்டாம் முறை.

"சீக்கிரம் சொல்லுங்க. எங்கப்பா பேரைச் சொல்லிக் கூப்பிடுறாங்க."

"பொறகால நிக்க மாட்டனுங்க" என்றான் கடைசியில், தடுமாறித் தடுமாறி. "இனிமே பக்கத்துலதான் நிப்பன். அந்த டீ கொட்டுன அன்னிக்கே முடிவு பண்ணீட்டனுங்க. நீங்கதான் பந்தத் தேடறாப்பல, என்னையும் எங்கெங்கயோ தேடீட்டிருந்தீங்க. நான் இங்கதான் இருந்தன்."

குடைக்கடியில் பொன்னாத்தாள் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். சண்முகவேல் அதைக் கவனித்தான். கவனித்தும், ஈரமான அந்தக் கையை எல்லாருக்கும் முன்னால் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். ஆஷாவும் விடவில்லை.

"ஆஷா சீனிச்சாமி! ஆஷா சீனிச்சாமி எங்கிருந்தாலும் வரவும்!"

அப்பாவின் பெயர் அந்த மைதானம் முழுக்க, குடைகளுக்கு மேலாக, மழையோடு மழையாகப் போய்த் திரும்பி வந்தது. பதினோரு வருடம் அங்கே யாரும் சத்தமாகக் கூப்பிடாத பெயர்.

"இங்கதான் இருக்கோம்!" என்று ஆஷா உரக்கக் கத்தினாள்.